அடிவரை உலர்வாக

"களுக்" என்றது பைப்.

ஒரெஸ்தே இருமி அதை மறைக்கப் பார்த்தார். இருமி முடித்ததும் பைப் இன்னொரு தடவை, இந்த முறை நிதானமாக, "களுக்… களுக்…" என்றது. தொண்டை கட்டிய ஆள் வெந்நீரில் கொப்பளிக்கிற மாதிரி இருந்தது.

எதிர் நாற்காலியில், தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். பெயர் அமில்காரே. தொமொதொஸ்ஸொலாவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாலை ரயிலைப் பிடித்து, நடுவில் இரண்டு ரயில் மாறி, வரேஸே ஏரிக்கரையில் இருக்கும் ப்ரோஜினி பைப் பட்டறைக்கு வந்து சேர்ந்திருந்தார். 'அடிவரை உலர்வாக' என்ற புத்தகத்தை எழுதியவர் பைப் பிடிப்பதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடு.

எழுதியவர் ஒரெஸ்தே. பட்டறையில் விற்பனைக் கடிதங்களைப் பார்த்துக்கொள்பவர். பன்னிரண்டு பக்கப் புத்தகம் அது; ப்ரோஜினி பைப் ஒவ்வொன்றோடும் பெட்டிக்குள் ஒன்று போகும். புகையிலை ஈரமாக இருந்தால் காகிதத்தில் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். அடியில் தளர்வாக, மேலே கொஞ்சம் இறுக்கமாக நிரப்புங்கள். உறிஞ்சாதீர்கள், சுடச்சுட இருக்கும் சூப்பை ருசி பார்ப்பதுபோல இழுங்கள். சூடேறினால் கீழே வைத்துவிடுங்கள். இப்படியே போய், கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் முடியும்: "இறுதியில் மிஞ்சுவது வெண்சாம்பல் மட்டுமே. ஈரம் மிஞ்சினால் அது பைப்பின் குற்றமல்ல. உங்கள் அவசரத்தின் குற்றம்."

இதை எழுதிய ஒரெஸ்தேவுக்குப் பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட வெண்சாம்பல் மிஞ்சியதில்லை. முக்கால்வாசி போவதற்குள் பைப் கொப்பளிக்க ஆரம்பித்துவிடும். தட்டினால் அடியிலிருந்து, காபி வடிகட்டிய சக்கை மாதிரி, கறுப்பாய் நசநசவென்று ஒரு கட்டி விழும். யாருக்கும் தெரியாமல் அதை ஜன்னலோரத் தொட்டியில் புதைத்துவிடுவார். அந்தத் தொட்டியில் இதுவரை மூன்று செடி செத்திருக்கிறது.

"சார், இந்தச் சத்தம்…" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் தயங்கித் தயங்கி. "என் பைப்புலயும் இதே மாதிரிதான் வரும்."

ஒரெஸ்தேவுக்குக் காது சூடாகிவிட்டது.

"இதுவா? இது பைப்புதான். ஆனா இந்தப் பைப்பு இல்ல. சுவத்துக்குள்ள போற தண்ணி பைப்பு."

"ஓ!"

"பழைய கட்டடம் பாருங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் மரியாதையாகச் சுவரைப் பார்த்தார். மடியில் இருந்த கடிதக் கட்டைத் தடவிக்கொண்டார். நாலு வருஷத்தில் அவர் நாலு கடிதம் போட்டிருந்தார், ஈரம் தங்குகிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டு. நாலுக்கும் ஒரெஸ்தே கைப்பட பதில் எழுதியிருந்தார். கனிவாகத்தான் எழுதியிருந்தார், ஆனால் குற்றம் யார்மேல் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்படி மாதத்துக்கு மூன்று நாலு பேர் எழுதுவார்கள். ஒரெஸ்தே தானே பிரித்து, தானே பதில் போட்டு, கடிதத்தை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டிவிடுவார். முதலாளி கண்ணில் பட்டால் வம்பு. "அந்த ஆளை வரச்சொல்லி எப்படின்னு காட்டிடுங்களேன்" என்று சொல்லிவிட்டால் என்ன காட்டுவது?

முதலாளி சொல்லாமலே ஒரு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"குத்தம் என் மேலதான் சார்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "முப்பத்தாறு வருஷம் ரயில் பின்னாடி ஓடின உடம்பு. அவசரம் ரத்தத்துலயே ஊறிடுச்சு. நீங்க மூணாவது கடிதத்துல எழுதினீங்களே, 'பொறுமை இல்லாதவருக்கு பைப் எதிரி'ன்னு. அதைக் கண்ணாடிப் பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கேன். தினம் சவரம் பண்ணும்போது படிக்கிறேன்."

ஒரெஸ்தே மேஜைக்குள் புகுந்துவிடலாமா என்று யோசித்தார்.

களுக்.

ஸ்டேஷன் மாஸ்டர் சட்டென்று எழுந்தார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த ரூமுக்குக் கீழ என்ன இருக்கு?"

"மரக் கிடங்கு. பைப் செய்யற வேர்க்கட்டையெல்லாம் அங்கதான். ஏன்?"

"வேர்க்கட்டையா? ரெண்டு வருஷம் காயவெக்கிறதா உங்க புத்தகத்துல போட்டிருக்கே! அது மேல தண்ணி ஒழுகினா?"

"சேச்சே, ஒழுகாது, சத்தம் மட்டும்தான்…"

ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் அதற்குள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். ஆபத்தைப் பார்த்தும் தகவல் சொல்லாமல் இருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அடுத்த நிமிஷம் முதலாளியோடு திரும்பி வந்தார்.

முதலாளி ப்ரோஜினிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அப்பாவான பெரிய முதலாளி இறந்து, பட்டறை கைக்கு வந்து ஆறு வருஷம். சிகரெட்தான் பிடிப்பார், பைப் வாயில் வைத்ததே இல்லை.

"சுவத்துக்குள்ள தண்ணியா? ஏன் என்கிட்ட சொல்லல?"

"சின்னச் சத்தம்தான், முதலாளி…"

"கீழ எண்பது மூட்டை கட்டை இருக்குய்யா! இவர் யாரு?"

ஒரெஸ்தே யோசித்தார். வாடிக்கையாளர் என்றால் எதற்கு வந்தார் என்று கேள்வி வரும்.

"என் நண்பர்."

ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "நண்பர்னா சொன்னீங்க?" என்று கேட்டு ஒரெஸ்தேயின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கையில் இருந்த பைப், சமயம் பார்த்து, இன்னொரு களுக் போட்டது.

"கேட்டீங்களா!" என்றார் முதலாளி. "பிளம்பரைக் கூப்பிடுங்க!"

பிளம்பர் நந்தோவுக்கு எதிர்த்தெருவில் கடை. சுத்தியும் உளியுமாக வந்து சுவரில் காதை வைத்துக் கேட்டான். ஒரெஸ்தே மூச்சை அடக்கிக்கொண்டு பைப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் கேக்கலையே."

"விட்டு விட்டு வரும்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் அக்கறையாக.

நந்தோ மார்பளவு உயரத்தில் ஒரு ஓட்டை போட்டான். உள்ளே செங்கல். கொஞ்சம் தள்ளி இன்னொரு ஓட்டை. அங்கேயும் செங்கல்.

"இந்தச் சுவத்துல பைப்பே கிடையாதுங்க" என்றான் நந்தோ.

இந்த இடத்தில் ஒரெஸ்தே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தார். ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், கோயில் விக்கிரகத்தைப் பார்க்கிற மாதிரி.

"அந்தப் பக்கத்துச் சுவரா இருக்குமோ" என்றார் ஒரெஸ்தே.

அந்தப் பக்கத்துச் சுவரில் நிஜமாகவே பைப் இருந்தது. நந்தோவின் மூன்றாவது அடியிலேயே உளி அதற்குள் இறங்கிவிட்டது.

தண்ணீர் அவன் முகத்தில் அடித்து, மேஜையில் அடித்து, பலகைத் தரையின் இடுக்கெல்லாம் தேடிப்பிடித்துக் கீழே இறங்க ஆரம்பித்தது. முதலாளி அப்படியே மாடிப்படியில் இறங்கி ஓடினார். ஒரு நிமிஷத்தில் பட்டறை மணி அடித்தது. எந்திரங்கள் நின்றன. பட்டறை ஆட்கள் முப்பது பேரும் கிடங்குக்கும் முற்றத்துக்கும் இடையே வரிசையாக நின்று மூட்டைகளைக் கைமாற்றினார்கள். வரிசையின் தொடக்கத்தில், பைப்புகளுக்குத் துளை போடும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் தெல்ஃபினா, பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு, மூட்டைகளைத் தலையணை மாதிரி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்ததாக, கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டர்.

"பெரியவரே, நீங்க போய் உக்காருங்க. இடுப்பு பிடிச்சுக்கும்" என்றாள் தெல்ஃபினா.

"என் நண்பரோட பட்டறைம்மா. உக்காருவேனா?"

மேலே நின்று ஜன்னல் வழியாக இதைப் பார்த்த ஒரெஸ்தேவுக்கு, அந்த மூட்டை ஒவ்வொன்றும் தன் முதுகில் விழுகிற மாதிரி இருந்தது. முப்பது பேர் நனைகிறார்கள். ஒரு கிழவர் முதுகு ஒடியச் சுமக்கிறார். எல்லாம் ஒரு சொட்டு ஈரத்தை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டதால்.

அப்போதும் அவருக்கு இன்னொரு வழிதான் தோன்றியது.

அறையில் யாரும் இல்லை. நந்தோ வால்வைத் தேடி ஓடியிருந்தான். ஒரெஸ்தே பைப்பைத் தொட்டியில் தட்டினார். கறுப்புக் கட்டி விழுந்தது. புகையிலை வைக்கும் கிண்ணத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். மூலையில் இருந்த கணப்பின் கதவைத் திறந்து, ஒரு கரண்டி சாம்பலை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, மேலாக ஒரு ஊது ஊதினார். அழகான வெண்சாம்பல். புத்தகத்தில் எழுதியிருப்பதைவிட வெண்மை.

பதினோரு மூட்டை நனைந்தது, மற்றதெல்லாம் தப்பியது. தண்ணீர் நின்று, ஸ்டேஷன் மாஸ்டர் சொட்டச் சொட்ட மேலே வந்தபோது, ஒரெஸ்தே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிடுச்சு" என்றார். "நீங்க இல்லாதப்போ முடிச்சிட்டேன். பாருங்க, அடிவரை."

ஸ்டேஷன் மாஸ்டர் பைப்பை இரண்டு கையாலும் வாங்கினார். உள்ளே பார்த்தார். பிறகு உள்ளங்கையில் மெல்லத் தட்டினார். சாம்பல் பூ மாதிரி உதிர்ந்தது. அதன் நடுவில், நகம் அளவுக்கு, கருகிய எதுவோ ஒன்று விழுந்தது.

"இது என்ன சார்?"

அது செஸ்ட்நட் தோல். அக்டோபர் மாதம்; அலுவலகத்தில் எல்லாரும் அந்தக் கணப்பின்மேல்தான் செஸ்ட்நட் சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அது…" என்றார் ஒரெஸ்தே. "செஸ்ட்நட் தோல். ஈரத்தை இழுக்கறதுக்கு. அடியில ஒரு துண்டு போடுவேன்."

"செஸ்ட்நட் தோலா! புத்தகத்துல இல்லையே!"

"இது… நெருங்கினவங்களுக்கு மட்டும் சொல்றது."

ஸ்டேஷன் மாஸ்டர் பையிலிருந்து நனைந்த குறிப்பேட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, 'செஸ்ட்நட் தோல், ஒரு துண்டு' என்று எழுதிக்கொண்டார். ஒரெஸ்தே தரையைப் பார்த்தார்.

கதவில் முதலாளியின் குரல் கேட்டது. "பெரியவரே, எங்க பட்டறையையே காப்பாத்திட்டீங்க. இன்னிக்கு எங்களோடதான் சாப்பிடணும். வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

"ஒண்ணே ஒண்ணுதாங்க" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "உங்க ஒரெஸ்தே சார் அடிவரைக்கும் பைப் பிடிச்சாரு. தண்ணி வந்ததுல நான் பாதியிலயே எழுந்து போயிட்டேன். இன்னொரு தடவை, முதல்லேர்ந்து கடைசிவரைக்கும் பாக்கணும்."

"பூ, இவ்வளவுதானா! சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் பாக்கட்டும். ஒரெஸ்தே, என்ன?"

"எல்லாருமா?" என்றார் ஒரெஸ்தே. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் சோளமாவுக் களியான பொலெந்தாவும் காளான் குழம்பும். ஒரெஸ்தே தட்டைத் தொடவில்லை. தட்டுகளை எடுத்த பிறகு பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டார்கள். ஈரத் தலையோடு முப்பது பேர். அடுப்புப் பக்கம் கால்சட்டையைக் காயவைத்துக்கொண்டு நந்தோ. முதல் வரிசையில், யாரோ கொடுத்த பட்டறை மேலங்கியைப் போட்டுக்கொண்டு, குறிப்பேடும் கையுமாக ஸ்டேஷன் மாஸ்டர்.

முதலாளி அலமாரியிலிருந்து புத்தம் புதுப் பைப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதுல பண்ணுங்க. இன்னும் நல்லா இருக்கும்."

"ஆரம்பிங்க சார்!" என்றாள் ஒருத்தி. "நாங்க பைப் செய்யறோம், செஞ்சதை யாரும் பிடிச்சுப் பாத்ததே இல்ல!"

ஒரெஸ்தே நிரப்பினார். ஸ்டேஷன் மாஸ்டர், கணப்புப் பக்கம் பொறுக்கி வைத்திருந்த செஸ்ட்நட் தோல் ஒன்றை மேலங்கிப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "சார், மறந்துட்டீங்க." ஒரெஸ்தே அதை வாங்கி அடியில் போட்டார். வேறு என்ன செய்வது?

பத்து நிமிஷம் நன்றாகத்தான் போனது. அவர் தன் புத்தகத்தில் இருந்த எல்லாவற்றையும் செய்தார். சூப்பை ருசி பார்ப்பதுபோல இழுத்தார். சூடேறியபோது கீழே வைத்தார். நடுவில் காம்புத் துளைக்குள் கம்பித் துடைப்பானை விட்டு எடுத்தார். வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையாக அவர் எதையும் செய்ததில்லை. இருபதாவது நிமிஷம் ஸ்டேஷன் மாஸ்டரின் முகத்தில் ஒரு புன்னகை மலர ஆரம்பித்தது.

"களுக்."

ஸ்டேஷன் மாஸ்டரின் புன்னகை பாதியில் நின்றது.

"களுக்… களுக்… களுக்."

அடுப்புப் பக்கத்திலிருந்து நந்தோ எழுந்தான். "இந்தச் சத்தமா?" என்றான். "ஏங்க, இந்தச் சத்தத்துக்கா நான் ரெண்டு சுவத்தை உடைச்சேன்?"

ஒரெஸ்தே பைப்பை மேஜைமேல் வைத்தார். முதலாளியைப் பார்க்க முடியவில்லை. தண்ணீரில் ஊறிச் சிவந்திருந்த கைகளைப் பார்க்க முடியவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்க்கவே முடியவில்லை. பொலெந்தா பானையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சுவத்துல சத்தமே இல்ல. என் பைப்புதான். பத்தொன்பது வருஷமா நான் ஒரு தடவைகூட அடிவரைக்கும் போனதில்ல. எல்லாம் செய்யறேன். ஆறவெக்கிறேன், பாத்து நிரப்பறேன், மெதுவா இழுக்கறேன். எப்பவும் அடியில தண்ணிதான். பெரிய முதலாளி எப்படிப் பிடிக்கணும்னு சொல்லச் சொல்ல எழுதினேன், அதான் புத்தகம். எனக்கு வராதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்தது. அந்தச் சாம்பல் கணப்புச் சாம்பல். செஸ்ட்நட் தோல்…" பைப்பை அப்பால் தள்ளினார். "அதை அடிச்சிடுங்க, அமில்காரே. குறிப்பேட்டுல இருந்து அடிச்சிடுங்க."

முதலாளியின் முகம் கறுத்தது. பின் வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, பக்கத்தில் இருந்தவள் இடித்ததும் நிறுத்தினார்கள். அந்தப் பாதிச் சிரிப்பு முழுச் சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் குறிப்பேட்டை மூடினார்.

"நான் கழிப்பறையில போய்ப் பிடிப்பேன்" என்றார் கடைசியில், தணிந்த குரலில். "வீட்டுல அந்தச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு தண்ணியைத் திறந்து விட்டுக்குவேன். இவ்வளவு வயசாகியும் ஒரு பைப் பிடிக்கத் தெரியலையேன்னு." எழுந்து வந்து ஒரெஸ்தேயின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். கோபிக்கவில்லை. அதுதான் ஒரெஸ்தேவால் தாங்க முடியாமல் போயிற்று.

அந்த நேரத்தில்தான் தெல்ஃபினா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். மேஜைமேல் இருந்த பைப்பை எடுத்தாள். அடியில் இருந்ததை ஒரு தட்டில் வழித்துப் போட்டுவிட்டு, காம்பு வழியாகக் கம்பித் துடைப்பானை விட்டு, கிண்ணத்தைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினாள். கம்பியின் முனை கிண்ணத்துக்குள் எட்டிப்பார்த்தது. அடியிலிருந்து ஒரு விரல்கடை மேலே.

"இதுல யாராலயும் அடிவரைக்கும் போக முடியாது சார்" என்றாள். "புகை போற துளை கிண்ணத்தோட அடியில வந்து சேரணும். இது மேல இருக்கு. துளைக்குக் கீழ இருக்கிற புகையிலை எரியவே எரியாது. ஈரமெல்லாம் இறங்கி அங்கதான் நிக்கும். எந்த மகாராஜா பிடிச்சாலும் களுக்குதான்."

கூடத்தில் ஒரே சலசலப்பு. முதலாளி பைப்பைப் பிடுங்கிப் பார்த்தார். அலமாரியிலிருந்து இன்னொன்று, இன்னொன்று என்று எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் விரல்கடை மேலே.

ஒரெஸ்தே மெல்ல நிமிர்ந்தார். பத்தொன்பது வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போகிற மாதிரி இருந்தது. அவர் அவசரக்காரர் இல்லை. கை விளங்காதவர் இல்லை. துளை மேலே இருந்திருக்கிறது, அவ்வளவுதான்! ஸ்டேஷன் மாஸ்டரின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி சிரித்தார்கள்.

"ஏம்மா, இதை இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்று கேட்டார் ஒரெஸ்தே, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நான் எங்க சார் சொல்றது?" என்றாள் தெல்ஃபினா. "நீங்க வேலைக்குச் சேர்ந்த வருஷம், அடி உடைஞ்சு உடைஞ்சு போகுதுன்னு பெரிய முதலாளிதான் துளையைக் கொஞ்சம் மேல தள்ளிப் போடச் சொன்னாரு, 'ஈரம் தங்குதுன்னு ஒரே ஒருத்தர் கடிதம் போட்டாலும் அன்னிக்கே பழையபடி இறக்கிடு'ன்னாரு, நானும் பத்தொன்பது வருஷமா காத்துக்கிட்டிருக்கேன், ஒரு கடிதம்கூட வரலையே!"